லைன் கிளியர்

எங்கள் பக்கத்துக்கு 'சர்வர்' என்ற சொல் இரண்டு தடவை வந்தது. முதலில் வந்தவர் ஓட்டல் சர்வர். 1964-ல் நாகேஷ் நடித்த 'சர்வர் சுந்தரம்' வெளிவந்தபோது அந்தத் தலைப்பை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மேஜைக்கு வருவார், என்ன வேண்டும் என்று கேட்பார், கொண்டுவந்து வைப்பார். தாமதமானால் அவர் முகத்தைப் பார்த்து ஒரு சத்தம் போடலாம். இரண்டாவது சர்வர் கணினியோடு வந்தவர். அவரை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவர் இல்லையென்றால் ரேஷன் அரிசி இல்லை, நூறு நாள் வேலைச் சம்பளம் இல்லை, பட்டா நகல் இல்லை, பயிர்க் காப்பீடு இல்லை.

கோவில்பட்டியில் சில வருஷம் நான் ஒரு சின்னக் கடை வைத்திருந்தேன். முதலில் பிரவுசிங் சென்டர், பிறகு ஜெராக்ஸ், பிறகு எல்லா விண்ணப்பமும் போட்டுத் தரும் இடம். விளாத்திகுளம் பஸ்ஸில் வந்து இறங்கும் ஒரு பாட்டி கடை வாசலில் நின்றபடியே கேட்பார்:

"எய்யா, சர்வர் வந்துட்டாராய்யா?"

"இன்னும் வரலை பாட்டி."

"நேத்தும் இதத்தான சொன்ன. அவரு எந்தூருக்காரரு? வீட்டு அட்ரஸ் தெரிஞ்சா ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வந்துருவேம்லா."

முதல் நாள் சிரித்தேன். கொஞ்ச நாள் கழித்து அது சரியான கேள்வி என்று பட்டது. அவர் எங்கே இருக்கிறார்? வராமல் போனது வழி சரியில்லாததாலா, வந்தும் நம்மை அடையாளம் தெரியாததாலா? 'சர்வர் இல்லை' என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் இந்த இரண்டு கோளாறுகளும் ஒன்றாகக் கட்டிப் போடப்பட்டிருக்கின்றன. ஒன்று வழியின் கோளாறு: கம்பி, டவர், சிக்னல், கடிகாரம். மற்றது கணக்கின் கோளாறு: பேர், எண், பதிவேடு. இரண்டும் எங்கள் கரிசல் காட்டுக்குத் தனித்தனிப் பாதையில் வந்தவை. தனித்தனியாகவே அவற்றின் கதையைச் சொல்ல வேண்டும்.

*

வழியின் கதை ரயிலோடு தொடங்குகிறது. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை 1876 ஜனவரி 1-ல் திறக்கப்பட்டது. கரிசல் பருத்தி துறைமுகத்துக்குப் போக வழி கிடைத்தது. தண்டவாளத்தின் ஓரமாகத் தந்திக் கம்பியும் வந்தது. அந்தக் கம்பியின் முதல் வேலை சாவுச் செய்தி சொல்வதோ பருத்தி விலை சொல்வதோ அல்ல. ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான்.

ஒற்றை வழித்தடத்தில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் தன் இஷ்டத்துக்கு வண்டியை அனுப்ப முடியாது. அடுத்த ஸ்டேஷனிடம் கேட்க வேண்டும்: லைன் கிளியரா? அந்தப் பக்கம் இருப்பவர் சம்மதிக்க வேண்டும். மணி இத்தனை தடவை அடித்தால் இன்ன அர்த்தம் என்று சங்கேதம் உண்டு. நீல்ஸ் டோக்கன் கருவி இருந்த பாதைகளில், மறுமுனை சம்மதித்த பிறகுதான் இந்த முனைப் பெட்டியிலிருந்து ஓர் இரும்புக் குண்டு வெளியே வரும். ஒரு நேரத்தில் ஒரு குண்டுதான். அதைத் தோல் பையில் போட்டு, வளையத்தில் கட்டி, டிரைவர் கையில் கொடுப்பார்கள். குண்டு இல்லாமல் வண்டி நகராது. பழைய ஸ்டேஷன்களில் ஓடும் வண்டியிலிருந்து அந்த வளையத்தை வீசுவதையும் பிடிப்பதையும் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கணினிகள் இணையத்தில் பேசிக்கொள்வதும் இதே கதைதான். 1974-ல் வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த டிசிபி என்ற நெறிமுறையில், தகவல் ஒன்றுகூடப் போவதற்கு முன்னால் மூன்று சேதிகள் பரிமாறப்படும். எங்கள் பேச்சில் சொன்னால்: "இருக்கியா?" — "இருக்கேன், நான் சொல்றது கேக்குதா?" — "கேக்குது, ஆரம்பிப்போம்." முதல் சேதிக்குப் பதிலே வராவிட்டால் திரை ரொம்ப நேரம் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு 'நேரம் கடந்தது' என்கும். 'இங்கே அந்த வேலையைப் பார்க்க ஆள் இல்லை' என்று உடனே பதில் வந்தால் 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்கும். இரண்டும் வேறு வேறு. முன்னது அநேகமாக வழிக் கோளாறு. பின்னதில் வழி நன்றாகவே இருக்கிறது. போன இடத்தில் கதவைத் திறக்க ஆளில்லை.

ரயில்காரர்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. டோக்கன் கருவி கெட்டுப்போனால் என்ன செய்வது? கெட்டுப்போகும் என்று எதிர்பார்த்தே அவர்கள் விதி எழுதி வைத்திருந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் போனில் பேசி, மறுமுனையிடமிருந்து ஒரு 'பிரைவேட் நம்பர்' வாங்குவார். அந்த எண்கள் வரிசையில்லாமல் கலந்து அச்சடித்த தாளில் இருக்கும். ஒரு தடவை சொன்ன எண்ணை அடித்துவிட வேண்டும். இன்றைக்கு நம் போனுக்கு வரும் ஓடிபி-க்கு அது பாட்டன் முறை. அந்த எண்ணைக் குறித்து, நேரம் எழுதி, கையெழுத்திட்டு ஒரு சீட்டுக் கொடுப்பார். அதற்குப் பெயர் பேப்பர் லைன் கிளியர். கருவி கொடுக்க வேண்டிய அதிகாரத்தை அந்த நேரத்துக்குக் காகிதம் கொடுத்தது. 'மெஷின் ரிப்பேர், நாளைக்கு வா' என்று எந்த டிரைவரையும் யாரும் திருப்பி அனுப்பவில்லை. பயணிகள் எல்லோரும் இறங்கி வீட்டுக்குப் போகவுமில்லை. கருவியின் கோளாறைச் சுமக்கும் பொறுப்பு ஸ்டேஷனுடையது.

*

டெலிபோன் வந்தபோதும் வழிதான் பெரிய கஷ்டம். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகள் வெளியூர் ஏஜென்ட்டுக்கு ட்ரங்க் கால் புக் பண்ணிவிட்டு ராத்திரி வரை காத்திருந்த காலம் ஒன்று உண்டு. 1984-ல் சி-டாட் தொடங்கி, அவர்கள் செய்த 128 இணைப்புகள் கொண்ட கிராமத் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் 1986-ல் கர்நாடகத்தின் கித்தூரில் முதலில் நிறுவப்பட்டது. அந்த மாதிரிப் பெட்டிகள் மெல்ல மெல்ல ஊர்களுக்கு வந்தன. குளிர்சாதனம் இல்லாமல், தூசியிலும் வெயிலிலும் ஓடும்படி செய்த பெட்டி. கோவில்பட்டி 04632 ஆனது. மஞ்சள் போர்டு வைத்த எஸ்.டி.டி. பூத்கள் முளைத்தன.

எங்கள் மண்ணுக்கு மட்டும் அந்தக் கம்பிகளோடு ஒரு சண்டை இருந்தது. கரிசல், ஈரம் பட்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கி, கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். வருஷா வருஷம் இந்த அசைவு நடக்கும்போது மேலே நட்ட கம்பம் சாயும், உள்ளே புதைத்த கேபிளின் இணைப்பு இழுபடும், வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கும். முதல் மழைக்குப் போன் செத்துப்போவது எங்களுக்குப் பருவ அறிகுறி மாதிரி. இதில் ஒரு பொல்லாத பொருத்தம் உண்டு. இங்கே மானாவாரி விவசாயம் வடகிழக்குப் பருவமழையை நம்பியது. புரட்டாசியிலும் ஐப்பசியிலும் உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி விதைப்பார்கள். பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்யும் கெடுவும் அதே மழை மாதங்களில் வரும். ஆக, பூமி நனைகிற, கம்பி அறுகிற, ஆள் காட்டில் நிற்கிற அதே வாரங்களில்தான் சர்வர் முன்னால் வரிசையும் நிற்க வேண்டும்.

டெலிபோன் காலத்தில் ஒரு நல்ல பழக்கமும் இருந்தது: பி.பி. நம்பர். எக்ஸ்சேஞ்சில் 'இன்ன ஆளைத்தான் கூப்பிட வேண்டும்' என்று கேட்கும் கால் வகைக்கு அந்தப் பெயர். எங்கள் ஊரில் அது பக்கத்து வீட்டு போன் என்று பொருள் மாறிவிட்டது. கல்யாணப் பத்திரிகையிலும், வேலை விண்ணப்பத்திலும், கடை பில்லிலும் எண்ணுக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டிருக்கும். மளிகைக்கடை அண்ணாச்சி போனை எடுப்பார், "ஏ, உங்க அம்மாவக் கூப்பிடு, பம்பாயிலருந்து போனு" என்று சின்னப் பையனை விரட்டுவார். ஒரு தெருவுக்கு ஒரு போன் போதும் என்றிருந்த உலகம். இந்த பி.பி. நம்பர் பின்னால் ஒரு பாட்டியின் சம்பளத்தில் வந்து குறுக்கே நிற்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

*

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நான்கு பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. எங்கள் பக்கம் அது வந்துசேரச் சில வருஷம் ஆனது. 172-ல் தொடங்கும் எண்ணை மோடம் சுழற்றும். அந்தக் கீச்சல் சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். சத்தம் நின்றதும் திரையில் 'பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்படுகிறது' என்ற பொருளில் ஒரு வரி வரும்.

நான் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டது அந்த இரண்டு கட்டத்தில்தான். முதல் கட்டம் வழி, இரண்டாம் கட்டம் கணக்கு. விண்டோஸ் அதை நேர்மையாகவே சொல்லும். 680 என்று வந்தால் டயல் டோன் இல்லை: வெளியே போய்க் கம்பியைப் பார். 678 என்றால் மறுமுனையிலிருந்து பதில் இல்லை: கொஞ்சம் பொறுத்துத் திரும்ப டயல் செய். 691 என்றால் வழி சரி, கணக்கு சரியில்லை: கேப்ஸ் லாக் அழுந்திக் கிடக்கிறதா பார், வாங்கிய மணிநேரம் தீர்ந்துபோச்சா பார். 691 வந்தபோது கம்பியைப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தால் பொழுதுதான் போகும். 680 வந்தபோது பாஸ்வேர்டை மாற்றினால் இருந்ததும் கெடும். மூன்று இலக்க எண் ஒன்று, எந்தத் திசையில் தேட வேண்டும் என்று கைகாட்டியது.

கோளாறுகள் சில சமயம் ஒளிந்துகொண்டும் வரும். மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2012 வாக்கில், ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. கடையிலிருந்த பழைய கணினியின் மதர்போர்டில் காசு அளவுள்ள ஒரு பேட்டரி உண்டு. கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துவிட்டது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் கணினி பத்துப் பன்னிரண்டு வருஷம் பின்னால் போய்விடும். பாதுகாப்பான இணையதளங்கள் ஒவ்வொன்றும் தங்கள் சான்றிதழில் 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும்' என்று எழுதி வைத்திருக்கும். என் கணினியின் கணக்குப்படி அந்தச் சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை. அரசாங்கத் தளம், வங்கித் தளம் எதுவும் திறக்கவில்லை. இரண்டு நாள் வந்தவர்களையெல்லாம் 'சர்வர் இல்லை' என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். சர்வர் இருந்தது. என் கடிகாரம்தான் இல்லை. அந்த இரண்டு நாளில் திரும்பிப் போனவர்களை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

வழி மட்டும் சரியானால் போதும் என்று நினைத்த காலமும் இருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லா இணைப்பு, 2000-த்தின் தொடக்க வருஷங்களில் மதுரை மேலூர் வட்டாரக் கிராமங்களுக்கு இணையக் கடைகளைக் கொண்டுபோனது. தாலுகா ஆபீசுக்குப் போகாமல் ஊரிலேயே சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள், கொஞ்ச நாள் நடக்கவும் செய்தது. ஆதரவாக இருந்த அதிகாரிகள் மாறிப்போனதும் மறுமுனையில் விண்ணப்பத்தை எடுக்க ஆளில்லாமல் சேவைகள் நின்றன. கடைகளும் பல மூடின. 'லைன் கிளியரா' என்று இந்த முனை கேட்கிறது; அந்த முனையில் மாஸ்டர் இல்லை.

*

கணக்கின் கதை இதைவிடப் பழையது, இதைவிடச் சிக்கலானது. கோவில்பட்டியைச் சுற்றியுள்ள நிலத்தில் பெரும்பகுதி எட்டயபுரம் ஜமீனுக்குள் இருந்தது. 1948-ன் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு ஜமீன் கணக்குகள் அரசின் ரயத்துவாரிக் கணக்குகளாக மாறின. கிராமத்தில் அந்தக் கணக்கை வைத்திருந்தவர் கர்ணம். பரம்பரைப் பதவி, அதற்குரிய அதிகாரமும் அழிச்சாட்டியமும் உண்டு. ஆனால் எந்தச் சர்வே எண் யாருடையது, பட்டாவில் இருக்கும் 'மாடசாமி' மூன்று மாடசாமிகளில் எவர் என்பது அவர் தலைக்குள் இருந்தது.

1979-லிருந்து 1987 வரை தமிழ்நாடு முழுக்க நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. யு.டி.ஆர். என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். ஒவ்வொரு கிராமத்திலும் நிலம் யார் கையில் இருக்கிறது என்று பார்த்துப் பதிவேட்டைப் புதுப்பிக்கும் வேலை. அந்த வேலை நடுவில் இருக்கும்போதே, 1980 நவம்பரில், எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், கிராம முன்சீப் பதவிகளை ஒழித்தது. பரம்பரை ஆதிக்கம் ஒழிந்தது நல்லதுதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மூன்று மாடசாமிகளையும் தெரிந்த தலை, பதிவேடு எழுதப்பட்டுக்கொண்டிருந்த அதே சமயத்தில் அலுவலகத்தை விட்டுப் போய்விட்டது. யு.டி.ஆர். பிழை என்பது இன்றைக்கும் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் தினமும் காதில் விழும் சொல். தகப்பன் பேர் மாறியது, உட்பிரிவு மாறியது, செத்தவர் பேரிலேயே நிலம் நின்றது.

அந்தப் பதிவேடுதான் பின்னால் கணினியில் ஏறியது. தாளில் இருந்தவரை பிழை தூங்கிக்கொண்டிருந்தது. மனிதர் வாசித்தால், "இது நம்ம மாடசாமி மகன்தான்" என்று ஒத்துக்கொள்வார். கணினி எழுத்தெழுத்தாக ஒப்பிடும். அதற்குள் வெவ்வேறு ஆபீஸ்களில் வெவ்வேறு தமிழ் எழுத்துரு முறை. 2010-ல்தான் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதே பேர் ஆங்கிலத்துக்கு மாறும்போது லட்சுமியும் லெச்சுமியும் லக்ஷ்மியும் வேறு வேறு பெண்கள் ஆகிவிடுகிறார்கள்.

நம் பேர் முறையே இந்தப் படிவங்களுக்கு ஒத்துவராதது. முதற்பெயர், கடைப்பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நமக்கு இருப்பது இனிஷியலும் பேரும். பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் புருஷன் இனிஷியல். ரேஷன் கார்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஒன்று. பக்கத்து ஊரான இடைசெவல்காரர், கரிசல் இலக்கியத்தின் மூத்தவர் கி.ராஜநாராயணனின் முழுப்பேர் ராயங்கல ஸ்ரீகிருஷ்ண ராஜ நாராயணப் பெருமாள் ராமானுஜம். தபால்காரருக்கு 'கி.ரா., இடைசெவல்' என்பதே போதுமானதாக இருந்திருக்கும். இன்றைய படிவம் ஒன்றில் அவர் பேரை நான் ஏற்ற வேண்டியிருந்தால் எந்தக் கட்டத்தில் எதைப் போடுவது?

*

இந்த இரண்டு கதைகளும் வந்து சந்தித்த இடம் ரேஷன் கடை. கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை தமிழ்நாட்டில் 2020 தொடக்கத்தில் முன்னோட்டமாக வந்தபோது, தேர்ந்தெடுத்த மாவட்டங்கள் தூத்துக்குடியும் திருநெல்வேலியும். அந்த வருஷம் அக்டோபரில் மாநிலம் முழுக்க வந்தது.

ஒரு பாட்டி விரலை வைக்கிறார். கருவிக்குள் இருக்கும் சிம் வழியாக அது மாநில உணவுத்துறைச் சர்வருக்குப் போக வேண்டும். அங்கிருந்து இடைத்தரகு நிறுவனத்தின் வழியாக ஆதார் ஆணையத்தின் சர்வருக்கு. பதில் அதே வழியில் திரும்ப வேண்டும். நாலைந்து ஸ்டேஷன், ஒவ்வொன்றிலும் லைன் கிளியர் கிடைக்க வேண்டும். எங்கே நின்றாலும் கடைக்காரர் வாயில் வரும் சொல் 'சர்வர்'.

ஆனால் ஆதார் சர்வர் ஊமை இல்லை. அது எண் சொல்கிறது. 300 என்றால் ரேகை பொருந்தவில்லை. 100 என்றால் பேர், பிறந்த தேதி போன்ற விவரம் பொருந்தவில்லை. 998 என்றால் அந்த ஆதார் எண்ணே செல்லாதது அல்லது கிடைக்கவில்லை. 561 என்றால் வந்த கோரிக்கை பழையது. 562 என்றால் அதில் வருங்காலத்து நேரம் இருக்கிறது, அதாவது கருவியின் கடிகாரம் தப்பு. என் பழைய மதர்போர்டு பேட்டரியின் தம்பி. தீப்பெட்டிக் குச்சி அடுக்கி, மிளகாய் வத்தல் காம்பு கிள்ளி, பருத்தி எடுத்துத் தேய்ந்த விரலுக்கு 300 வரும். அது சர்வர் கோளாறும் இல்லை, சிக்னல் கோளாறும் இல்லை. நாளைக்கு வந்தாலும், பத்து நாள் கழித்து வந்தாலும் அந்த ரேகை வளரப்போவதில்லை. அந்தப் பாட்டிக்கு வேறு வழி தர வேண்டும். 'சர்வர் இல்லை, நாளைக்கு வாங்க' என்று சொல்லும்போது, தீராத கோளாறைத் தீரும் கோளாறு என்று சொல்லி ஒரு பகல் கூலியைப் பறிக்கிறோம்.

சர்வர் அட்ரஸ் கேட்ட பாட்டியின் கதைக்கு வருகிறேன். அவருக்கு நூறு நாள் வேலைச் சம்பளம் வரவில்லை. 2024 ஜனவரியிலிருந்து அந்தச் சம்பளம் ஆதார் வழியாகத்தான் போக வேண்டும் என்று கட்டாயம். வங்கியில் கேட்டால் 'வரலை'. வேலை ஆபீசில் கேட்டால் 'போட்டாச்சு'. இரண்டு பேரும் சேர்ந்து சொன்னது 'சர்வர்'. ஆறேழு தடவை பஸ் ஏறி வந்துவிட்டார்.

ஆதார் வழிப் பணத்தில் ஒரு விதி உண்டு. பணம் கணக்கு எண்ணைப் பார்த்துப் போகாது. ஆதார் எண்ணைப் பார்த்துப் போகும். ஓர் ஆதாருக்கு எந்த வங்கி என்பதைத் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஒருவர் எத்தனை வங்கியில் கணக்கு வைத்திருந்தாலும் அந்தப் பட்டியலில் ஒரு வங்கிக்குத்தான் இடம்: கடைசியாக இணைத்தது எதுவோ அது. பாட்டி கையில் வைத்திருந்த பாஸ்புக் பழைய வங்கியுடையது.

எந்த வங்கி என்று ஆதார் தளத்தில் பார்க்கலாம். பார்க்க ஓடிபி வேண்டும். ஓடிபி பதிவு செய்த மொபைலுக்குப் போகும். பாட்டிக்கு மொபைல் கிடையாது. ஆதார் எடுத்த அன்றைக்குத் தங்கச்சி மகன் நம்பரைக் கொடுத்திருந்தார். அதே பி.பி. நம்பர். அவன் இப்போது திருப்பூரில் நைட் ஷிப்ட். இரண்டு நாள் கூப்பிட்டு, மூன்றாம் நாள் அவன் தூங்கி எழுந்த நேரத்தில் பிடித்தோம். "பெரியம்மா, ஆறு நம்பர் வந்திருக்கு, சொல்லட்டா?" என்றான். திரையில் வேறொரு வங்கியின் பேர் வந்தது.

"இந்த பேங்குல கணக்கு இருக்கா பாட்டி?"

"இல்லையேய்யா." கொஞ்ச நேரம் யோசித்தார். "ஊருக்கு ஒரு பையன் பெட்டி கொண்டாந்தான். கைநாட்டு வையி, கவர்மெண்டு பணம் போடுதுன்னான். ஊரே வச்சுச்சு, நானும் வச்சேன்."

அந்த வங்கியில் பணம் ஒரு பைசா குறையாமல் இருந்தது. சர்வர் எங்கும் போகவில்லை, ஒரு நாளும் நிற்கவில்லை. எல்லா இணைப்பும் ஒழுங்காக வேலை செய்துதான் பணம் தப்பான வீட்டில் இறங்கியிருந்தது. பாட்டி சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"என்ன பாட்டி?"

"எத்தன தடவ பஸ்ஸு ஏறுனேன்னு பாக்கேன்."

*

நூற்றைம்பது வருஷத்தில் வழி எவ்வளவோ சீராகிவிட்டது. தந்தி 2013 ஜூலையில் நின்றே போனது. விதைப்பாடு நடக்கும் காட்டுக்குள் நின்று வீடியோ பார்க்க முடிகிறது. கணக்கு மட்டும் ஜமீன் காலத்துப் பிழை, யு.டி.ஆர். பிழை, இனிஷியல் பிழை, கைநாட்டுப் பிழை என்று ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்கிறது. வழி வேகமாக ஆக ஆக அந்தப் பிழையும் வேகமாகப் போய்ச் சேருகிறது. அதைத் திருத்தக்கூடிய ஆளோ ஒவ்வொரு கட்டத்திலும் இன்னும் ஒரு ஸ்டேஷன் தள்ளிப் போயிருக்கிறார். கர்ணம் ஊருக்குள் இருந்தார். தாசில்தார் பஸ் தூரத்தில் இருந்தார். இப்போது பழுது பார்க்கும் வேலை முழுக்க, வரிசையில் நிற்பவர் தலையில் விழுந்திருக்கிறது. தன் கோளாறு 680-ஆ 691-ஆ என்றுகூட யாரும் சொல்லாத நிலையில் அதை அவர் பார்க்க வேண்டியிருக்கிறது.

கடையை மூடுவதற்கு முந்தைய வருஷங்களில் ஒரு நோட்டுப் போட்டிருந்தேன். யார் வந்தார், என்ன தேதி, எத்தனை மணி, எந்தத் தளம், திரையில் வந்த வார்த்தை அல்லது எண் என்ன. அதையே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, வந்தவரிடமும் கொடுத்துவிடுவேன். காப்பீட்டுக் கெடு நெருங்கும் கார்த்திகை மழையில் ஒரே நாளில் முப்பது சீட்டுக்கூட எழுதியதுண்டு. அந்தச் சீட்டுக்குச் சட்டப்படி ஒரு மதிப்பும் கிடையாது. வேளாண்மை ஆபீசில் சிலர் வாங்கிப் பார்ப்பார்கள், சிலர் பார்க்க மாட்டார்கள். ஆனாலும் 'நான் வந்தேன், லைன் கிடைக்கவில்லை' என்று சொல்ல அவர்கள் கையில் ஒரு காகிதமாவது இருந்தது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. திரையில் வரும் எண்ணை மறைக்காமல் சொல்லுங்கள். வழிக் கோளாறா கணக்குக் கோளாறா என்பதாவது ஆளுக்குத் தெரியட்டும். கோளாறு உங்களுடையது என்றால் தேதியும் நேரமும் போட்டு, உங்கள் கையெழுத்தோடு ஒரு சீட்டுக் கொடுங்கள். அந்தச் சீட்டு வைத்திருப்பவருக்குக் கெடு ஓடாமல் நிற்கட்டும். இதற்குப் புதுத் தொழில்நுட்பம் வேண்டாம். டோக்கன் குண்டு வெளியே வராத ராத்திரியில், அரிக்கேன் வெளிச்சத்தில், ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டர்கள் பேனாவால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்ததுதான் அது.